டயட்ல நடக்குற செயலாராய்ச்சி பயிற்சி: போயிட்டு வந்து ஒரு வருஷம் கழிச்சு ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், டயட்ங்கற ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துல எங்களுக்கு குடுக்குற இந்த பயிற்சிக்கு போகலாம். கண்டிப்பா போகலாம். ஆனா அங்க நமக்கு எது கிடைக்கும் எது கிடைக்காதுன்னு தெரிஞ்சிட்டு போனா நல்லது, அதுக்காகத்தான் உக்காந்து இவ்ளோ நீளமா எழுதுறேன். எங்க டீச்சர்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒவ்வொரு வருஷமும் ஜூலை ஆகஸ்ட் வந்தா இதே கேள்விதான் வரும், டயட்ல செயலாராய்ச்சிக்கு பேர் கேக்கறாங்க, யாராச்சும் போயிருக்கீங்களா, எப்படி இருக்கும்னு. உடனே நாலு பேர் "அது வெறும் பேப்பர் வேலைங்க, மாட்டிக்காதீங்க"ன்னு போட்டுடுவாங்க, கேட்டவங்களும் அதோட விட்டுடுவாங்க. நானும் ரெண்டு வருஷம் அப்படி விட்டவதான். மூணாவது வருஷம் பேர் குடுத்தேன்.

நான் டெல்டா பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியில இடைநிலை ஆசிரியை, 16 வருஷ சர்வீஸ். ஈராசிரியர் பள்ளி, ஹெச்.எம் சார் 4, 5 பாக்கறாரு, 1, 2, 3 எனக்கு. மொத்தம் 41 பிள்ளைங்க, அதுல மூணாவது 13 பேர். எந்த மாவட்டம் எந்த டயட்னு சொல்லலை, ஏன்னா குறையும் சொல்லப்போறேன், அங்க நல்ல மனுஷங்களும் இருக்காங்க, ஊர் பேரை போட்டா அவங்களுக்கு சங்கடம்.

வாத்தியார் வேலையில இல்லாதவங்க படிச்சா புரியணும்ல, அதுக்காக ரெண்டு வரி. டயட்னா மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம். 1986 தேசிய கல்விக் கொள்கைக்கு அப்புறம் நாடு முழுக்க மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்சாங்க. ஆசிரியர்களுக்கு பயிற்சி குடுக்கறது, பள்ளிக்கு வேண்டிய கல்வி உதவி பண்றது, செயலாராய்ச்சி, இந்த மூணும் அதோட முக்கிய வேலைன்னு தொடங்கின காலத்துலயே எழுதி வச்சது. அதனால இது யாரோ புதுசா நம்ம தலையில கட்டின விஷயம்னு நினைக்க வேண்டாம். செயலாராய்ச்சின்னா, வெளியில இருந்து ஒருத்தர் வந்து நம்ம கிளாஸை ஆராய்ச்சி பண்ணாம, நம்ம கிளாஸ்ல நமக்கு இருக்குற ஒரு சிக்கலை நாமளே எடுத்து, ஏன்னு பார்த்து, ஒரு மாத்தம் செஞ்சு, என்ன ஆச்சுன்னு கவனிச்சு எழுதி, சரியா வரலைன்னா திரும்ப மாத்தி செய்யறது. அவ்ளோதான்.

பயிற்சி எப்படின்னா, ஆகஸ்ட்ல மூணு நாள் தொடர்ச்சியா, அக்டோபர்ல ஒரு நாள், கடைசியா பிப்ரவரியில ஒரு நாள் அறிக்கையை வச்சு பேசணும். நடுவுல உள்ள மாசமெல்லாம் நம்ம பள்ளியில நாமளே செய்யணும். எங்க பேட்ச்ல 32 பேர், அதுல முக்கால்வாசி தொடக்கப் பள்ளிதான்.

முதல் நாள் காலைல ஒண்ணரை மணி நேரம் பிபிடி ஓடிச்சு. கர்ட் லெவின்னு ஜெர்மனியில இருந்து அமெரிக்கா போன உளவியல்காரர் 1946-ல இந்த பேர்ல கட்டுரை எழுதினாரு, ஸ்டீபன் கோரின்னு கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரர் 1953-ல இதை பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டு வந்தாரு, இங்கிலாந்துல லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் வாத்தியாரே ஆராய்ச்சியாளரா இருக்கணும்னு சொன்னாரு, இப்படி வரிசையா ஸ்லைடு. ஸ்லைடுல இருந்ததை அப்படியே வாசிச்சாங்க. இந்த பகுதிக்கு நான் மார்க் போட மாட்டேன், அதை ஒரு பக்க தாளா அடிச்சு கையில குடுத்திருந்தாலே போதும். ஆனா ஸ்டென்ஹவுஸ் பத்தி சொன்ன ஒண்ணு மட்டும் மனசுல நின்னுடுச்சு. ஆராய்ச்சின்னா முறையா தேடறது மட்டும் போதாது, தேடி கண்டதை நாலு பேர் முன்னாடி வச்சா தான் அது ஆராய்ச்சின்னு அவர் சொன்னாராம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி இதுக்கு வரேன்.

அசல் பயிற்சி டீக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சுது. ஆளுக்கு ஒரு துண்டு சீட்டு குடுத்து உங்க கிளாஸ்ல இருக்குற சிக்கலை ஒரே வரியில எழுதுங்கன்னாங்க. நான் "மூன்றாம் வகுப்பு மாணவர்களின் கணிதத் திறனை மேம்படுத்துதல்"னு எழுதினேன். எல்லாமே அப்படித்தான் இருந்துச்சு, வாசிப்புத் திறனை மேம்படுத்துதல், ஆங்கில உச்சரிப்பை மேம்படுத்துதல், வருகையை மேம்படுத்துதல். ஒரு விரிவுரையாளர் மேடம், அவங்கதான் எங்க குரூப்புக்கு வழிகாட்டி, ஒவ்வொரு சீட்டா வாசிச்சிட்டே வந்து எங்கிட்ட நின்னு கேட்டாங்க, "கணக்குன்னா எதும்மா? கூட்டலா, கழித்தலா, இடமதிப்பா? எத்தனை பேருக்கு வரலை? நேத்து எந்த பிள்ளை எந்த கணக்குல என்ன விடை போட்டுச்சு, ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்."

எனக்கு ஒண்ணு கூட சொல்ல வரலை. 16 வருஷமா அந்த பிள்ளைங்க நோட்டை தினம் திருத்தறேன், ஒரே ஒரு தப்பு விடையை ஞாபகத்துல இருந்து சொல்ல முடியலை. மேடம் திட்டல்லாம் இல்லை. "நாளைக்கு வரும்போது நோட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க, சிக்கல் அங்கதான் இருக்கும், இந்த சீட்டுல இருக்காது"ன்னு மட்டும் சொன்னாங்க. அன்னிக்கு சாயங்காலம் ஹெச்.எம் சாருக்கு போன் போட்டு, மறுநாள் காலைல எங்க ஊர் பஸ் ஸ்டாப்புல அவர் ஒரு மஞ்சப்பையில 13 கணக்கு நோட்டையும் கொண்டு வந்து குடுத்தாரு.

இரண்டாம் நாள். இந்த ஒரு நாளுக்காகவே நான் இந்த பயிற்சியை சிபாரிசு பண்ணுவேன். நோட்டை எல்லாம் தரையில ஜமக்காளத்து மேல பரப்பி வச்சோம். கழித்தல் போட்ட பக்கத்தை மட்டும் திறந்து வைக்க சொன்னாங்க. 52-ல 27 போனா 35. 61-ல 38 போனா 37. 40-ல 16 போனா 36. பூராவும் என் சிவப்பு மை பெருக்கல் குறி, அடியில "கவனம் தேவை". மேடம் அந்த விடைகளை கரும்பலகையில வரிசையா எழுதி போட்டுட்டு, "இது கவனம் இல்லாம போட்டதா? நல்லா பாருங்க"ன்னாங்க. பார்த்தா, 52 கீழ 27, ரெண்டுல ஏழு போகாதுன்னு பிள்ளை நிக்கவே இல்லை, ஏழுல ரெண்டை கழிச்சு 5 போட்டிருக்கு. அஞ்சுல ரெண்டு போனா 3. முப்பத்தஞ்சு. அடுத்த கணக்குல எட்டுல ஒண்ணு போனா 7. அதுக்கு அடுத்ததுல ஆறுல சைபர் போனா 6. மேல இருக்கோ கீழ இருக்கோ, பெரிசுல இருந்து சின்னதை கழிக்கணும், இதான் அந்த பிள்ளையோட சட்டம். ஒரு இடத்துல கூட அந்த சட்டத்தை மீறலை. அவ்ளோ ஒழுங்கா போட்டிருக்கு, அதுக்கு நான் கவனம் தேவைன்னு எழுதியிருக்கேன். 13 பேர்ல 9 பேர் நோட்டுல இதே கதை.

அப்புறம் மேடம் இன்னொரு கேள்வி கேட்டாங்க, இந்த சட்டத்தை இவங்களுக்கு யார் சொல்லி குடுத்தாங்கன்னு. ரொம்ப நேரம் யோசிச்சேன். நான்தான். ஒண்ணாவதுல கழித்தல் ஆரம்பிக்கும்போது "பெரிய எண்ல இருந்து சின்ன எண்ணை கழிக்கணும்"னு ராகம் போட்டு சொல்லி குடுக்கறோம்ல, அது முழு எண்ணுக்கு சொன்னது, பிள்ளை அதை ஒவ்வொரு இலக்கத்துக்கும் எடுத்துக்கிச்சு. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன்னு அமெரிக்காவுல ரெண்டு பேர் 1978-லயே இதை பத்தி ஆய்வு கட்டுரை எழுதியிருக்காங்களாம், பிள்ளைங்க கழித்தல்ல போடுற தப்பு பெரும்பாலும் தானா ஒரு வழிமுறையை வச்சுக்கிட்டு அதை விடாம செய்யறதால வர்ற தப்புன்னு, அதுல இந்த பெரிசுல இருந்து சின்னதும் ஒண்ணுன்னு மேடம் சொன்னாங்க. முதல் நாள் காலைல கேட்ட லெவினும் கோரியும் ஒட்டவே இல்லை, இது அப்படியே ஒட்டிக்கிச்சு, ஏன்னா என் பிள்ளை நோட்டு என் மடியில இருக்கும்போது சொன்னாங்க.

அன்னிக்கு சாயங்காலம் என் தலைப்பு மாறிடுச்சு. இனமாற்றம், அதாவது பக்கத்து பத்துல இருந்து கடன் வாங்கறது, வர்ற ஈரிலக்க கழித்தல்ல மூணாவது படிக்கிற 9 பிள்ளைங்க மேல் இலக்கத்தையும் கீழ் இலக்கத்தையும் மாத்தி கழிக்கறாங்க, அதை எப்படி சரி பண்றது. இவ்ளோ சின்னதா ஆக்கினா தான் ஒரு டீச்சரால ஒரு டெர்முக்குள்ள செய்ய முடியும்.

மூணாவது நாள் படிவம். செயல் கருதுகோள், நோக்கம், மாதிரி, கருவி, முன்தேர்வு, செயல்பாடுகள், பின்தேர்வு, பகுப்பாய்வு, கண்டறிந்தவை, பரிந்துரைகள். எல்லாம் ஒரே நாள்ல வேகமா போச்சு. சாப்பாடு பரவாயில்லை, சாம்பார் சாதம் தயிர் சாதம், சாயங்காலம் சுண்டல். லேடீஸ் டாய்லெட்ல தண்ணி மூணு நாள்ல ரெண்டு நாள் வரலை, 20 பேருக்கு மேல பெண்கள் வர்ற இடத்துல இதை கவனிக்கணும், சொல்லியும் சரியாகலை. தூரத்து ஒன்றியத்துல இருந்து வர்றவங்களுக்கு ரெண்டு பஸ் மாறி 9.30-க்கு வர்றது கஷ்டம், பத்து மணிக்கு வச்சிருக்கலாம்.

இனி பள்ளியில என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், இதை சொல்லாம பயிற்சி நல்லாருக்கா இல்லையான்னு சொல்ல முடியாது.

செப்டம்பர்ல ஆரம்பிச்சேன். பிள்ளைங்களுக்கு இடமதிப்பு புரியலை, அதான் காரணம்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். ஐஸ் குச்சி வாங்கி பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்டு கட்டினோம். 52-ன்னா அஞ்சு கட்டு, ரெண்டு உதிரி. 27 எடுக்கணும், உதிரி பத்தலை, ஒரு கட்டை பிரி, இப்ப உதிரி 12, அதுல ஏழு எடு, நாலு கட்டுல ரெண்டு எடு, மீதி 25. பிள்ளைங்க ரொம்ப சந்தோஷமா செஞ்சாங்க, நாலஞ்சு நாள்லயே குச்சியில எல்லாருக்கும் சரியா வந்துடுச்சு. எனக்கும் சந்தோஷம். ரெண்டாவது வாரம் குச்சியை எடுத்து பெட்டியில வச்சிட்டு நோட்டுல போட சொன்னேன். 35.

அதுவும் காலைல குச்சியில 25 எடுத்து காமிச்ச அதே பையன், அதே கணக்கு. கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சு கேட்டேன், ஏன்டா தம்பி, காலைல 25 வந்துச்சே, இப்ப எப்படி 35 ஆச்சுன்னு. அவன் கொஞ்சம் கூட குழம்பலை, "டீச்சர், அது குச்சி கணக்கு, இது நோட்டு கணக்கு"ன்னான். ரெண்டும் வேற வேற கணக்கு, ரெண்டுக்கும் வேற வேற விடை, அவன் மனசுல அதுல ஒரு சிக்கலும் இல்லை.

அந்த ஒரு வாக்கியத்தை அன்னிக்கே என் ஆய்வு நாட்குறிப்புல எழுதி வச்சேன். நாட்குறிப்பு எழுதணும்னு பயிற்சியில ரொம்ப வற்புறுத்தி சொல்லியிருந்தாங்க, தினம் அஞ்சு வரி போதும்னு. எனக்கு ஆரம்பத்துல அது பாரமா தெரிஞ்சுது, ஆனா இந்த மாதிரி பிள்ளை வாயில வர்றதை அன்னிக்கே எழுதலைன்னா ராத்திரி சமையல் முடிக்கறதுக்குள்ள மறந்து போயிடும். இந்த பயிற்சியில எனக்கு இன்னிக்கு வரைக்கும் கூட இருக்குறது அந்த நாட்குறிப்பு பழக்கம்தான்.

அக்டோபர் கூட்டத்துல இதை சொன்னேன். நான் தோத்துட்டேன்னு நினைச்சுட்டு தான் போனேன். மேடம் அதை கேட்டுட்டு மத்த எல்லாரையும் நிறுத்தி திரும்ப ஒரு தடவை சொல்ல சொன்னாங்க. திட்டமிடு, செய், கவனி, சிந்தின்னு ஒரு சுழல் படம் முதல் நாள் காட்டினாங்களே, அந்த சுழல்ல ரெண்டாவது சுத்து இங்கதான் ஆரம்பிக்குதுன்னாங்க. நிறைய பேர் முதல் சுத்துலயே பின்தேர்வு வச்சு வெற்றின்னு எழுதிடறாங்க, குச்சியை கையில குடுத்தே பின்தேர்வு வச்சா எல்லாரும் பாஸ்தானே. அன்னிக்கு இன்னொரு டீச்சர் வாசிப்புல தனக்கு சரியா வராததை சொல்ல ஆரம்பிச்சாங்க, அவங்க அதுவரைக்கும் வாயே திறக்கலை. அந்த ஒரு நாள் கூட்டம் எனக்கு மூணு நாள் பயிற்சிக்கு சமம். இதை ஒரு நாள்ல முடிக்காம மாசம் ஒரு தடவை, பக்கத்து பக்கத்து பள்ளி டீச்சர்ஸ் கூடுற குறுவள மையத்துலயாவது வச்சா எவ்ளோ நல்லாருக்கும்.

ரெண்டாவது சுத்துல ரெண்டு விஷயம் மாத்தினேன். ஒண்ணு, ஜோடி ஜோடியா உக்கார வச்சு, ஒருத்தர் குச்சியில ஒரு வேலை செஞ்ச அந்த நொடியே இன்னொருத்தர் நோட்டுல அதை எழுதணும். கட்டை பிரிச்சியா, உடனே 5-ஐ அடிச்சு 4 போடு, 2-க்கு பக்கத்துல 12 போடு. எழுதாம அடுத்த குச்சியை தொடக்கூடாது. அப்புறம் ஆளை மாத்து. இதுல நேரம் ஜாஸ்தி போகும், ஒரு கணக்குக்கே பத்து நிமிஷம், ஆனா குச்சியும் நோட்டும் ஒரே கணக்குன்னு அப்பதான் பிடிபட்டுச்சு.

இன்னொண்ணு ஒரு பொண்ணு கிட்ட நான் கத்துக்கிட்டது. அவ பாட்டி ரோட்டோரமா பெட்டிக்கடை வச்சிருக்காங்க, சாயங்காலம் இவதான் சில்லறை குடுப்பா. முன்தேர்வுல பத்துக்கு ஒண்ணு. நான் சும்மா கேட்டேன், பாட்டி கடையில 27 ரூவாய்க்கு சாமான் வாங்கிட்டு 50 ரூவா நோட்டு குடுத்தா மீதி எவ்ளோம்மா குடுப்பேன்னு. கண்ணை சிமிட்டறதுக்குள்ள 23-ன்னா. எப்படிம்மான்னு கேட்டா, "27-க்கு மூணு குடுத்தா 30, அதுக்கு மேல இருவது"ன்னா. அதே 50-ல 27-ஐ நோட்டுல எழுதி குடுத்தா 37 போடுறா. பிரேசில் நாட்டுல ரெசிஃபின்னு ஒரு ஊர்ல தெருவுல வியாபாரம் பண்ற பிள்ளைங்க கிட்ட 1980-கள்ல இதே மாதிரி பார்த்திருக்காங்களாம், வியாபாரத்துல சரியா சொல்ற பிள்ளை அதே கணக்கை பேப்பர்ல குடுத்தா தப்பா போடுதுன்னு. அந்த பொண்ணையே எல்லாருக்கும் சில்லறை கணக்கு சொல்லிக் குடுக்க விட்டேன். போட்டு முடிச்ச விடையை சில்லறை மாதிரி எண்ணி சரிபார்க்கறது எங்க கிளாஸ்ல வழக்கமாச்சு. 35-ன்னு வந்தா, 27-ஓட 35 சேர்த்தா 52 வருதாடான்னு அவங்களே ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குவாங்க.

நேரம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேப்பீங்க. மூணு கிளாஸை ஒண்ணா வச்சுட்டு எண்ணும் எழுத்தும்ங்கற அரசு திட்டத்து பாடம், பிள்ளைங்க நிலைக்கு ஏத்த மாதிரி அரும்பு மொட்டு மலர்னு பிரிச்சு பயிற்சி நூல், ஆப்ல மதிப்பீடு ஏத்தறது, எமிஸ்னு பள்ளி விவரத்தை ஆன்லைன்ல ஏத்தற வேலை, இதுக்கு நடுவுல. மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் 20 நிமிஷம், வாரத்துக்கு நாலு நாள், அவ்ளோதான் என்னால முடிஞ்சுது. எண்ணும் எழுத்தும் 2022-ல வந்ததுல இருந்து கிளாஸ்ல செயல்பாடு நிறைய இருக்கு, அது நல்லது, ஆனா இந்த பிள்ளை ஏன் இந்த தப்பை போடுதுன்னு நின்னு பார்க்க நேரம் தனியா ஒதுக்கலைன்னா அது கிடைக்கவே கிடைக்காது. டயட்ல இதை யாரும் கேக்கலை. பயிற்சி நாளை தவிர ஒரு மணி நேரம் கூட இதுக்குன்னு அதிகாரப்பூர்வமா கிடையாது. பெரிய குறை.

டிசம்பர் முதல் வாரம் பின்தேர்வு. அந்த தப்பை போடுறவங்க 9 பேர்ல இருந்து 2 பேர் ஆச்சு. ரொம்ப சந்தோஷம். ஆனா எனக்கு அந்த குச்சி கணக்கு அனுபவம் இருந்ததால நம்பிக்கை வரலை, பொங்கல் லீவு முடிஞ்சு வந்த முதல் வாரத்துல சொல்லாம கொள்ளாம அதே மாதிரி பத்து கணக்கு குடுத்தேன். 2 பேர் 5 ஆயிட்டாங்க. மூணு பிள்ளைங்க பழைய சட்டத்துக்கே திரும்பிட்டாங்க. மறுபடி ரெண்டு வாரம் ஜோடி வேலை.

இங்கதான் எனக்கு கோபம் வந்த இடம். அறிக்கையில இந்த ஜனவரி தேர்வையும் சேர்த்து எழுதினேன். படிவத்துல அதுக்கு இடமே இல்லை, முன்தேர்வு பின்தேர்வு ரெண்டு கட்டம்தான். அறிக்கையை சரிபார்த்த ஒரு சார், எங்க மேடம் இல்லை, வேற ஒருத்தர், "இதை எதுக்கு சேர்த்தீங்க, ரிசல்ட் வீக்கா தெரியும், எடுத்துடுங்க"ன்னாரு. அந்த சார் மேல எனக்கு தனிப்பட்ட வருத்தம் இல்லை, ஆனா பிள்ளை மறந்து போச்சுங்கறதை மறைச்சிட்டு எழுதறதுக்கு பேரு ஆராய்ச்சியா? அடுத்த வருஷம் இதை படிச்சிட்டு இன்னொரு டீச்சர் செய்யும்போது பொங்கலுக்கு அப்புறம் மறுபடி பார்க்கணும்னு அவங்களுக்கு யார் சொல்லுவா? நான் எடுக்கலை. மேடம் எனக்காக பேசினாங்க, பின்னிணைப்புல வைக்கலாம்னு முடிவாச்சு. பின்னிணைப்புல போச்சேன்னு எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அதே மாதிரி டி-டெஸ்ட், முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் உள்ள மார்க் வித்தியாசம் தற்செயலா வந்ததா இல்லையான்னு பார்க்கற புள்ளியியல் கணக்கு. 13 பிள்ளைங்க, ஒரே கிளாஸ், ஒப்பிட இன்னொரு கிளாஸ் கிடையாது. இதுக்கு சராசரி, திட்ட விலக்கம், டி மதிப்பு போட்டு பொருளுடைய வேறுபாடு உள்ளதுன்னு எழுதணும்னு படிவம் சொல்லுது. பாதி பேருக்கு அது என்னன்னே தெரியாது, பிரவுசிங் சென்டர்ல குடுத்து போட்டு வாங்கறாங்க. அதுக்கு பதிலா ஒவ்வொரு பிள்ளையா 13 வரி, ஆகஸ்ட்ல என்ன போட்டான், டிசம்பர்ல என்ன, ஜனவரியில என்னன்னு ஒரு அட்டவணை போட்டாலே எல்லாம் தெரிஞ்சிடும். கடைசியில பரிந்துரைகள்னு ஒரு பகுதி, தமிழ்நாட்டு பள்ளிகள் அனைத்திலும் இம்முறையை நடைமுறைப்படுத்தலாம்னு மாதிரி அறிக்கையில போட்டிருந்துச்சு. என் 13 பிள்ளைங்களை வச்சுட்டு நான் எப்படிங்க அதை சொல்ல முடியும். பிள்ளைங்க வயசுக்கு தானாவே கொஞ்சம் முன்னேறியிருக்கலாம், வீட்டுல அக்கா அண்ணன் சொல்லி குடுத்திருக்கலாம், அதையும் எழுதினேன். பரிந்துரை இடத்துல "ஒண்ணாம் வகுப்பில் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழி என்று பாட்டாகச் சொல்வதை நிறுத்திப் பார்க்கலாம்"னு ஒரே வரி போட்டேன்.

டைப்பிங், பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங் மூணு காப்பி, 1100 ரூவா கைக்காசு. 48 பக்கம் வந்துச்சு, அதுல என் கிளாஸ்ல நடந்தது 15 பக்கம் தேறும், மிச்சம் அறிமுகம், கல்வியின் முக்கியத்துவம், கணிதத்தின் முக்கியத்துவம். ரெடிமேடா பேரை மட்டும் மாத்தி அறிக்கை அடிச்சு தர்ற கடையும் டவுன்ல இருக்கு, ரெண்டு பேர் அப்படி வாங்கினது எனக்கு நேரடியா தெரியும். அவங்களை குறை சொல்லி பிரயோஜனம் இல்லை. 48 பக்கம் கேட்டா அப்படித்தான் நடக்கும், எட்டு பக்கமும் நாட்குறிப்பும் போதும்னு சொல்லிப் பாருங்க, யாரும் கடைக்கு போக மாட்டாங்க.

பிப்ரவரியில ஆளுக்கு பத்து நிமிஷம் பேசணும்னு சொல்லி, நேரம் போதாம ஆறு நிமிஷத்துல மணி அடிச்சாங்க. ஆனாலும் மத்தவங்க பேசினதுல சிலது அருமை. பக்கத்து ஒன்றியத்துல இருந்து வந்த ஒரு சார், அவரும் ஈராசிரியர் பள்ளிதான், வாரத்துல புதன்கிழமை மட்டும் பிள்ளைங்க ஏன் வர்றதில்லைன்னு எடுத்திருந்தாரு. வருகைப் பதிவேட்டை கிழமை வாரியா பிரிச்சு எழுதினதும் ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிடுச்சாம், புதன்கிழமை பக்கத்து ஊர் சந்தை, அம்மாங்க சந்தைக்கு போயிடுவாங்க, கைக்குழந்தையை பார்த்துக்க பெரிய பொண்ணை வீட்டுல நிறுத்திடுவாங்க. அதுல நாலு பேர் பெண் பிள்ளைங்க. பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல பேசி, அங்கன்வாடி அக்கா கிட்ட புதன்கிழமை மட்டும் சின்ன குழந்தைகளை சாயங்காலம் கொஞ்ச நேரம் கூட வச்சுக்க ஏற்பாடு பண்ணி, நாலு பேர்ல மூணு பேர் வர ஆரம்பிச்சாங்களாம். டி-டெஸ்ட் எதுவும் இல்லை. எல்லாரும் கை தட்டினாங்க.

அதுக்கு அப்புறம் அந்த 32 அறிக்கையும் எங்க போச்சு? அலமாரிக்கு. நானே பார்த்தேன், கண்ணாடி போட்ட பீரோ, உள்ள வருஷ வாரியா அடுக்கி, பூட்டு. இன்னொரு ஒன்றியத்துல மூணாவது எடுக்குற டீச்சர் ஒருத்தங்க இதே கழித்தலோட இன்னிக்கும் போராடிட்டு இருப்பாங்க, என் குச்சி கணக்கு கதையை அவங்க படிக்க வழியே இல்லை. நாலு பேர் முன்னாடி வச்சா தான் ஆராய்ச்சின்னு முதல் நாள் ஸ்லைடு போட்டவங்களே அதை பூட்டி வச்சா என்ன அர்த்தம். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்க சுருக்கம் எடுத்து மாவட்டத்துல உள்ள எல்லா தொடக்கப் பள்ளிக்கும் பிடிஎஃப்பா அனுப்பினா கூட போதும், செலவே இல்லை. மேடம் கிட்ட சொன்னேன், டயட் முதல்வர் கிட்ட எழுதி குடுங்கன்னாங்க, குடுத்திருக்கேன்.

சரி, மார்க். வழிகாட்டின விதத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு, அந்த மேடம் மாதிரி ஆள் கிடைச்சா. அக்டோபர் கூட்டத்துக்கும் அஞ்சு. முதல் நாள் காலைக்கு ஒண்ணு. அறிக்கை படிவத்துக்கு ஒண்ணரை. அறிக்கைக்கு அப்புறம் நடக்குறதுக்கு எதுவும் போட மாட்டேன். மொத்தத்துல மூணரைன்னு வச்சுக்கோங்க.

போறவங்களுக்கு சொல்ல வேண்டியது, முதல் நாளே பிள்ளைங்க நோட்டை பையில போட்டுட்டு போங்க, எனக்கு ஒரு நாள் வீணாச்சு. தலைப்புல "மேம்படுத்துதல்"னு வந்துச்சுன்னா இன்னும் சிக்கல் கண்ணுக்கு தெரியலைன்னு அர்த்தம். பின்தேர்வு முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு திரும்ப ஒரு தடவை பாருங்க, படிவம் கேக்கலைன்னாலும் பாருங்க. ப்ரமோஷனுக்கு சர்டிபிகேட் ஆகும்னு மட்டும் நினைச்சு போறதா இருந்தா வேண்டாம், ஆறு மாசம் இழுக்கும், வெறுத்துடுவீங்க. புதுசா வேலைக்கு வந்த தம்பி தங்கச்சிங்க முதல் ரெண்டு வருஷத்துக்குள்ள போனா ரொம்ப நல்லது, எனக்கு 16 வருஷம் ஆச்சு.

என் பிள்ளைங்க இப்ப நாலாவது, ஹெச்.எம் சார் கிளாஸ். போன வருஷம் பூரா நான் குச்சியும் கையுமா உக்காந்திருக்கறதை அவர் தூரத்துல இருந்து பார்த்துட்டு இருப்பாரு, ஒண்ணும் சொல்ல மாட்டாரு. போன மாசம் ஒரு நாள் மதியம் நோட்டு ஒண்ணை தூக்கிட்டு என் கிளாஸ் வாசல்ல வந்து நின்னாரு. "டீச்சர், இதை பாருங்க, உங்க குச்சி கணக்கு பையன் தான். ஈரிலக்கம் எல்லாம் சுத்தமா போடுறான், 403-ல 178 குடுத்தேன், 375 போட்டிருக்கான். நடுவுல சைபர் வந்தா மட்டும் பழையபடி திருப்பி கழிக்கிறான். ஆறு பேர் இதே மாதிரி போட்டிருக்காங்க"ன்னாரு. நோட்டுல சிவப்பு மை இல்லை, பென்சில்ல ஒரு சின்ன கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தாரு. இந்த வருஷ சர்க்குலர் வந்ததும் அவர் பேரை அவரே எழுதி குடுத்துட்டாரு.